வெளியேறினரா, வெளியேற்றப்பட்டனரா? 1942ஆம் ஆண்டின் பர்மா வழிநடையும் தமிழ்ச் சொற்களும்

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வாழும் தமிழர் ஒருவரிடம் 'சயாம் மரண ரயில்' என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை. தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்கள், காடு, வாந்திபேதி, திரும்பி வராத தந்தையர் என எல்லாம் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆர். சண்முகம் அப்பெயரையே தம் நாவலுக்குச் சூட்டினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் நிலைபெற்றதால் அதைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் நமக்கு இயல்பாயிற்று.

அதே போரில், அந்த இருப்புப்பாதை வேலை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னர், பர்மாவிலிருந்த இந்தியர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் மலைகளைக் கடந்து இந்தியாவுக்கு நடந்தே சென்றனர் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் மதிப்பீடு. அவர்களுள் தமிழர் பல்லாயிரவர். வழியில் மடிந்தோர் 10,000 முதல் 50,000 வரை என்று கணக்கிடுவர். அதற்கு மேலும் கூறுவோர் உண்டு. எண்ணிக்கைகளுக்கு இடையில் இத்தனை இடைவெளி இருப்பதே, அவர்களை எவரும் எண்ணவில்லை என்பதற்குச் சான்று.

இந்த நிகழ்ச்சிக்குத் தமிழில் என்ன பெயர்? இக்கேள்வியோடு சில ஆண்டுகளாகவே நான் உழன்று வருகிறேன். ஆங்கிலத்தில் வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் 1975ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் இதனை 'மறக்கப்பட்ட நெடும்பயணம்' என்ற பொருள்படக் குறித்தார். தமிழில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பெயர் எதுவும் இல்லை. நான் வரலாற்றாசிரியன் அல்லன். சொற்களையும் வினைவடிவங்களையும் ஆராய்வதே என் தொழிலாக இருந்தது. ஆகவே இவ்வுரையில் நிகழ்ச்சியை முதலில் சுருக்கமாகச் சொல்லி, பின்னர் அதைச் சொல்ல நம் மொழி என்னென்ன கருவிகளை வைத்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

நடந்தது என்ன

1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாநிலம். இராமநாதபுரத்திலிருந்து ரங்கூனுக்குப் போவது சட்டப்படி உள்நாட்டுப் பயணமே. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுள் தமிழ் பேசுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். நான்கு இலட்சம் மக்கள் கொண்ட ரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் ரயிலிலும் தெருக்கூட்டுவதிலும் அவர்களே. மறுமுனையில் செட்டியார் வட்டிக்கடைகள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன்பட்ட உழவர்களின் நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் செட்டியார் கைக்கு வந்திருந்தது. பர்மியர் மனத்தில் இது ஆறாத புண்ணாயிற்று. 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. மூட்டை தூக்கியவனையும் வட்டி வாங்கியவனையும் கலவரம் பிரித்துப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு சிறு மொழியியல் செய்தி. பர்மிய மொழியில் மேற்கிலிருந்து வந்த அந்நியனுக்குக் 'கலா' என்று பெயர். இச்சொல்லின் மூலம் பற்றி அறிஞரிடையே உடன்பாடில்லை. வெள்ளையனும் ஒருகாலத்தில் 'வெள்ளைக் கலா'தான். நாற்காலிக்குப் பர்மியர் வழங்கும் 'கலாதைங்' என்ற சொல், கலா உட்காருவது என்று பொருள் தரும். தரையில் அமரும் நாட்டில், உயரத்தில் அமர்பவன் வெளியூரான். அன்றாடம் புழங்கும் இருக்கையின் பெயரிலேயே அந்நியன் ஒளிந்திருக்கிறான். நாளடைவில் அச்சொல் இந்தியரையே குறித்து, இழிகுறிப்பும் ஏறியது.

1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு பொழிந்தன. கிறிஸ்துமஸ் அன்று மீண்டும் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத் தொழிலாளர் நகரைவிட்டு வடக்கே புரோமை நோக்கி ஓடினர். அவர்கள் இல்லாமல் கப்பல்களில் சரக்கு இறக்க முடியாது. ஆகவே அரசு அவர்களைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்தது. பலர் திரும்பவும் செய்தனர். அடுத்த இரண்டு மாதங்களில் கப்பலில் இடம் பிடிக்கப் பணமும் செல்வாக்கும் வேண்டியிருந்தது. இரண்டும் இல்லாதவருக்கு எஞ்சியது கால்.

வழிகள் மூன்று என்று பொதுவாகச் சொல்லலாம். முதலாவது, புரோமில் ஐராவதி ஆற்றைக் கடந்து, அரக்கான் மலைத்தொடரைத் தாண்டி, கடற்கரையிலுள்ள தவுங்குப் ஊருக்கு நூறு மைலுக்கு மேல் நடப்பது; அங்கிருந்து படகில் அக்யாப், பின்னர் சிட்டகாங். வறண்ட மாதங்களில் அந்த மலையில் தண்ணீர் அரிது. வாந்திபேதி பரவியதும் அரசு இந்தப் பாதையைச் சிலகாலம் அடைத்தும் பார்த்தது. 1942 மார்ச் 8ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தபின் தடுப்பதற்கும் யாரும் இல்லை.

இரண்டாவது, மாந்தலேயிலிருந்து சிண்ட்வின் ஆற்றங்கரையிலுள்ள கலேவாவுக்கு வந்து, மலேரியாவுக்குப் பேர்போன கபாவ் பள்ளத்தாக்கின் வழியே எல்லையூரான தமுவை அடைந்து, அங்கிருந்து மலையேறிப் பலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர் ரயிலடிக்குப் போவது. பெருந்தொகையினர் இவ்வழியே வந்தனர். பின்வாங்கிய பிரிட்டிஷ் படையும் இதே பாதையில்தான் வந்தது. படைக்கு வண்டி வேண்டும், வழி வேண்டும், அரிசி வேண்டும். அகதிக்கும் அவையே வேண்டும். யாருக்கு முதலிடம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்ற குற்றச்சாட்டு அந்த ஆண்டு இந்திய அரசியலில் பெரும் கொதிப்பை உண்டாக்கியது. காந்தியடிகளும் அதனை எழுத்தில் எடுத்துரைத்தார். மே 10ஆம் நாள் இம்பாலிலும் குண்டு விழுந்தது.

மூன்றாவது வழிதான் கொடியது. வடக்கே மியிச்சீனாவுக்குப் போனால் விமானத்தில் ஏறிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள் அங்கே சிக்கிக்கொண்டனர். மே 6ஆம் நாள் விமானத்தளம் தாக்கப்பட்டது. 8ஆம் நாள் ஊரே ஜப்பானியர் வசமாயிற்று. எஞ்சியது ஹுக்காங் பள்ளத்தாக்கு. அதன் வடமுனையிலிருந்து பாங்சாவ் கணவாயைக் கடந்து அசாமிலுள்ள லெடோவுக்கு ஏறத்தாழ நூறு மைல். மழைக்காலம் அப்போதுதான் தொடங்கியது. சேறு முழங்கால் அளவு, ஓடைகள் ஆறுகளாயின, அட்டைகள், மலேரியா, சீதபேதி. அசாமின் தேயிலைத் தோட்ட முதலாளிகள் சங்கம் வழியில் முகாம்கள் அமைத்துக் கஞ்சியும் தேநீரும் கொடுத்தது. அந்த முகாம்களைக் கட்டியதும், அரிசி மூட்டையைச் சேற்றில் சுமந்துசென்றதும் தோட்டத் தொழிலாளரும் மலைவாழ் மக்களும். பின்னர் அமெரிக்கர் அதே தடத்தில் லெடோ சாலையை அமைத்தபோது, பாதையோரம் எலும்புக்கூடுகளைக் கண்டதாக எழுதிவைத்தனர்.

'கணவாய்' என்ற சொல்லை இங்கே பயன்படுத்தினேன். நம் ஊர் மீன்சந்தையில் அச்சொல்லைக் கேட்டால் வேறு பொருள்தான் நினைவுக்கு வரும். மலைகளுக்கு இடையிலான வழி என்ற பொருளில் தமிழ்நாட்டார் அறிந்த கணவாய்களுள் பெரியது பாலக்காட்டுக் கணவாய். அது இருபது மைலுக்குக் குறையாத அகலம். ரயிலும் மாட்டுவண்டியும் சிரமமின்றிப் போகும். பாங்சாவ் கணவாயோ 3,700 அடிக்கு மேல் உயரத்தில், காட்டுக்குள், ஒற்றையடிப் பாதையாக இருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல். சமவெளியில் பிறந்து, ஆற்றுமுகத்தின் வயல்களில் உழைத்த ஒருவனிடம் 'கணவாயைத் தாண்டினால் இந்தியா' என்று யாரேனும் சொல்லியிருந்தால், அவன் மனத்தில் எழுந்த படம் எதுவாக இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எவாக்குவீ, ரெஃப்யூஜி, அகதி

ஆங்கில அரசு ஆவணங்கள் இம்மக்களை 'எவாக்குவீ' என்றே பெரும்பாலும் குறிக்கின்றன. நிகழ்ச்சிக்கு 'எவாக்குவேஷன்' என்று பெயர். இச்சொல் வெறுமை என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. காலிசெய்வது என்பதே அதன் அடிப்படைப் பொருள். காலிசெய்யப்படுவது நகரம், அதன் பார்வை இடத்தின்மீதே இருக்கிறது, ஆளின்மீது அன்று. அதோடு, காலிசெய்பவர் ஒருவர் உண்டு, அவர் திட்டமிட்டு அதைச் செய்கிறார் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. 'எவாக்குவீ' என்று எழுதியவுடன், அரசு அவர்களைப் பத்திரமாக அப்புறப்படுத்தியது போன்ற தோற்றம் தானாகவே அமைந்துவிடுகிறது.

'ரெஃப்யூஜி' வேறு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சைவிட்டு ஓடிய புராட்டஸ்டண்டு கிறித்தவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் புகுந்த சொல் அது. புகலிடம் என்பது அதன் வேர். அவன் எதைத் தேடிப் போகிறான் என்பதை அச்சொல் சொல்கிறது.

தமிழில் நாம் 'அகதி' என்கிறோம். அநீதி, அதர்மம் என்பவற்றில் உள்ள அதே எதிர்மறை முன்னொட்டு. 'கதி' என்பது செல்லுதல் என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. நடை, போக்கு, வழி என்று தொடங்கி, தமிழில் புகலிடம் என்றும் தலைவிதி என்றும் அது விரிந்தது. 'நீயே கதி' என்று கோயிலில் வேண்டுகிறோம். 'என் கதியைப் பார்' என்று வீட்டில் நொந்துகொள்கிறோம். போருக்கு முன்னரே 'அகதி' தமிழில் இருந்தது. ஆதரவற்ற ஏழை என்பது அதன் பொருள். எல்லை கடந்தவனை மட்டும் குறிக்கும் வழக்கம் பிற்காலத்தது. ஆங்கிலச் சொல் அவன் தேடுவதைச் சொல்ல, நம் சொல் அவனிடம் இல்லாததைச் சொல்கிறது. சொற்பிறப்பின்படி பார்த்தால், போக வழியில்லாதவனே அகதி. நானூறு மைல் நடந்தவனுக்கு இப்பெயர் பொருந்துமா என்று மாணவர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. சொற்பிறப்பு ஒரு சொல்லின் இன்றைய பொருளை ஆள்வதில்லை என்று வகுப்பறை மறுமொழி சொல்லி அனுப்பிவிட்டேன். மறுமொழி சரிதான். ஆனால் மாணவரின் கேள்வி அதைவிட நல்லது.

'ஏதிலி' என்ற மாற்றுச்சொல் இன்று, குறிப்பாக ஈழத்தமிழர் எழுத்துகளில், வழங்குகிறது. பழைய நூல்களில் 'ஏதிலார்' என்றால் அயலார், தொடர்பில்லாதவர். அதிலிருந்து இன்றைய பொருளுக்கு வந்த தொலைவு சிறிதன்று. தூய தமிழ் என்ற காரணத்துக்காக அதனை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அச்சொல் அவனைப் பார்க்கும் இடம், நின்று பார்ப்பவனின் இடம். நமக்கு அவன் அயலான் என்கிறது அது. 1942இல் இம்பாலுக்கு நடந்து வந்தவன், ஐந்தாண்டுகளுக்கு முன்புவரை ஒரே நாடாக இருந்த நிலத்தில் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு வந்துகொண்டிருந்தான்.

தன்வினையும் பிறவினையும்

பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களில்தான் நம் மொழியின் கூர்மை எனக்குப் புலப்படுகிறது. தமிழ் வினைகள் பல இணையாக வருவன: ஓடு, ஓட்டு, ஏறு, ஏற்று, திரும்பு, திருப்பு, நட, நடத்து. வினையின் பயன் எழுவாயிடமே நிற்குமானால் ஒரு வடிவம். எழுவாய் அதனைப் பிறர்மீது செலுத்துமானால் மற்றொரு வடிவம். பேராசிரியர் கு. பரமசிவம் இந்த வேறுபாட்டைத் தன்வினை, பிறவினை என்று பெயரிட்டு ஆழமாக ஆராய்ந்தார். செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாத வினை என்ற பாகுபாடு மட்டும் இதை விளக்கப் போதாது என்று அவர் காட்டியதே தமிழ் மொழியியலுக்குப் பெரும் கொடை.

இதனை நம் நிகழ்ச்சியோடு பொருத்திப் பார்ப்போம். 'வெளியேறினர்' என்றால் தாமாகச் சென்றனர். 'வெளியேற்றினர்' என்றால் வேறு யாரோ அவர்களைச் செலுத்தினர். ஆங்கிலத்தில் 'எவாக்குவேட்' என்ற ஒரே வினை, இருவகைக்கும் இடம் கொடுக்கும். தமிழில் ஒருவர் எழுத உட்கார்ந்தால், 'ஏறு' வேண்டுமா 'ஏற்று' வேண்டுமா என்று முடிவுசெய்யாமல் வாக்கியத்தை முடிக்க இயலாது. மொழியே நம்மைக் கேட்கிறது: யார் செய்தது?

1942ஐப் பற்றிய உண்மை இதுதான்: சிலர் வெளியேற்றப்பட்டனர், பெரும்பாலோர் வெளியேறினர். விமானத்திலும் கப்பலிலும் இடம் ஒதுக்கப்பட்ட அதிகாரிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் பற்றி 'வெளியேற்றப்பட்டனர்' என்று எழுதுவது முறை. தவுங்குப் மலையில் தண்ணீரின்றி விழுந்தவரை எவரும் வெளியேற்றவில்லை. ஆயினும் தமிழில் வெளியாகும் கட்டுரைகளிலும் பாடக்குறிப்புகளிலும் 'பர்மாவிலிருந்து இந்தியர் வெளியேற்றப்பட்டனர்' என்ற வாக்கியத்தை அடிக்கடி காண்கிறேன். ஆங்கில மூலத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பின் தடம் அது. ஒரே ஓர் எழுத்தின் இரட்டிப்பில் பொறுப்பு இடம் மாறிவிடுகிறது. அரசு செய்யாத உதவியை, நாம் இலக்கணத்தின் மூலம் அதற்கு வழங்கிவிடுகிறோம்.

ஆனால் 'வெளியேறினர்' என்பதும் முழுதும் பொருந்துவதன்று. தாமே விரும்பிப் போனார்கள் என்ற நிறம் அதற்கு ஏறக்கூடும். 'விரட்டப்பட்டனர்' என்றால், விரட்டியவர் யார்? குண்டு போட்டவரா, கலவர நினைவா, கைவிட்ட அரசா? இந்த இடத்தில்தான் 'நடந்தனர்' என்ற எளிய சொல் எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது. நடந்தவர் அவர்கள்தாம், அதில் ஐயமில்லை.

வீட்டுக்குள் ஒரு வாக்கியம்

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. என் பாட்டனாரும் அவர் தம்பியும் இராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்டவர்கள். மூத்தவர் பினாங்குக்குக் கப்பலேறினார். இளையவர் ரங்கூன் அரிசி ஆலைக்குப் போனார். போருக்குப் பின் இளையவர் அண்ணனைத் தேடி மலாயாவுக்கு வந்துவிட்டார். எங்களுக்கு அவர் 'பர்மாத் தாத்தா'. நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது காலமானார்.

அவர் நடந்து வந்தவர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எப்போதாவது கேட்டால், எப்போதும் ஒரே மாதிரிச் சொல்வார்: "புரோம்ல இருந்து கெளம்புனோம். ஆத்தத் தாண்டுனோம். மலை ஏறுனோம். அப்பறம் சிட்டகாங் வந்து சேந்தேன்." அவ்வளவுதான். வெற்றிலைப் பெட்டியை மூடிவிடுவார்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக வினைமுற்று விகுதிகளைத் தொகுத்துக்கொண்டிருந்த நாளில், அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆனபின், அந்த வாக்கியங்கள் திடீரென்று என் காதில் மீண்டும் விழுந்தன. கெளம்புனோம், தாண்டுனோம், ஏறுனோம், சேந்தேன். மூன்று பன்மை, கடைசியில் ஒருமை. தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று பெயர்ச்சொல்லில் வேறுபாடு உண்டே தவிர, 'ஓம்' என்ற விகுதி யார் யார் என்பதைச் சொல்லாது. அந்த 'ஓம்' என்பதற்குள் இருந்தவர்கள் யார் என்று நாங்கள் எவரும் கேட்டதில்லை. அவருக்குப் பர்மாவில் ஒரு குடும்பம் இருந்திருக்கலாம் என்று என் அத்தை பின்னொரு நாள் சொன்னார். அவருக்கும் அதற்குமேல் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் இந்த விகுதிகளை மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். என் வீட்டில் சொல்லப்பட்ட வாக்கியத்தை உரிய காலத்தில் கேட்கத் தவறினேன்.

எழுதப்பட்டவை

நடந்தவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாத தொழிலாளர். எழுதத் தெரிந்தவர்களின் இதழுலகமும் போரில் சிதறிற்று. 'தன வணிகன்', 'ஜோதி' முதலிய இதழ்கள் ரங்கூனிலிருந்து வெளிவந்தவை; ஏ.கே. செட்டியார் போன்றோர் அங்கே இதழாசிரியராக இருந்து பயின்றவர்கள். அந்த உலகத்திலிருந்து எஞ்சி நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம், 'ஜோதி'யின் ஆசிரியராக இருந்த வெ. சாமிநாத சர்மாவின் 'பர்மா வழிநடைப் பயணம்'. தம் மனைவியுடன் தாம் நடந்து வந்ததை அவர் அதில் விவரித்தார். உலக அரசியல் நூல்களைத் தமிழாக்குவதில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், தம் கால்களைப் பற்றி எழுதிய நூல் அது. படிக்காதவர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

அவர் தேர்ந்த சொல்லைக் கவனியுங்கள். 'வழிநடை' என்பது அடியார்களின் சொல். பழனிக்கும் பிற மலைக்கோயில்களுக்கும் காவடியெடுத்து நடப்போர் பாடிய 'வழிநடைச் சிந்து' என்ற பாடல்வகை நம்மிடம் உண்டு. வழியிலுள்ள ஊர், சாவடி, குளம், சோலை எல்லாம் அதில் வரிசையாக வரும். அடுத்த தங்கலிடம் எது என்று தெரிந்து நடப்பவனின் சொல். அதனை எடுத்து, அடுத்த வேளைக் கஞ்சி எங்கே என்று தெரியாத நடைக்குச் சர்மா இட்டார். 'நடை' இருக்கும்போது 'பயணம்' எதற்கு என்று கூறியது கூறல் குற்றம் காண்போர் காணட்டும். முருகனை நோக்கி நடந்த மரபிலிருந்து வந்த மக்களுக்கு, நெடுந்தொலைவு கால்நடையாகச் செல்வதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுவாக இருந்திருக்கும். எனவே இந்த நிகழ்ச்சிக்குப் பெயர் வைக்கவேண்டுமென்றால், புதிதாக ஒன்றைப் புனைய வேண்டியதில்லை என்பது என் துணிபு. 'பர்மா வழிநடை' என்றே வழங்கலாம்.

ஏனையவை சிலவே. 1952இல் வந்த 'பராசக்தி' திரைப்படத்தில், ரங்கூனிலிருந்து நடந்துவரும் சகோதரர்கள் பிரிவதும் குண்டுவீச்சில் ஒருவர் காலை இழப்பதும் கதையின் திருப்பங்கள். நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் பலருக்கு, அந்தக் குடும்பம் ஏன் சிதறியது என்பது நினைவில் இருப்பதில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் 'மா-னீ' நாவலில் பர்மாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை எழுதினார். 2000ஆம் ஆண்டு அமிதவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கிளாஸ் பேலஸ்' நாவல் வந்தபின்தான், நம் இளையோர் பலர் இப்படி ஒன்று நடந்ததையே அறிந்தனர். ஆங்கில நாவல் வழியாக அறிந்ததில் குறை ஒன்றுமில்லை. சர்மாவின் நூல் அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் எழுதப்பட்டது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

திரும்பியோர்

போர் முடிந்தபின் பலர் பர்மாவுக்கு மீண்டனர். 1962இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது; அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் நாட்டுடைமையாயின. இலட்சக்கணக்கான இந்தியர் இம்முறை கப்பலில் வந்தனர். தமிழக அரசு அவர்களுக்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. 'திரும்பு' என்பது தன்வினை. முன்பு இருந்த இடத்துக்கு மீள்வதைக் குறிப்பது. அவர்களுள் பலர் பர்மாவில் பிறந்தவர்கள். தமிழகத்தை முதன்முதலாகக் கண்டவர்கள். ஒருபோதும் இருந்திராத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்புவார்? சென்னையில் பர்மா பஜாரும், தமிழக ஊர்கள் பலவற்றில் பர்மா காலனியும் அவர்களால் உண்டாயின. அங்கே விற்கும் 'அத்தோ' என்ற நூடுல்ஸ் உணவின் பெயர் பர்மியச் சொல்.

அவர்களுள் சிலருக்குத் தமிழகம் ஒட்டவில்லை. வேலையில்லை, முகாம் வாழ்வு, பேச்சும் உணவும் வேறு. அவர்கள் வடகிழக்கே ரயிலேறி, மணிப்பூருக்குச் சென்று, தரைவழியே பர்மாவுக்கு மீளப் பார்த்தனர். 1942இல் அவர்தம் பெற்றோர் நடந்துவந்த அதே தமு வழி, இம்முறை எதிர்த்திசையில். பர்மிய அதிகாரிகள் எல்லையில் தடுத்துத் திருப்பினர். திருப்பப்பட்டவர்கள் தமிழகத்துக்குப் போகவில்லை. எல்லையின் இந்தியப் பக்கத்திலுள்ள மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டனர். அங்கே தமிழ்ச்சங்கம் அமைத்தனர். அங்காளபரமேசுவரிக்குக் கோயில் எழுப்பினர். மணிப்பூரிகள், குக்கிகள், நேபாளிகள், மார்வாரிகள் நடுவே எல்லை வணிகத்தில் ஈடுபட்டனர். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த அவர்கள் தொகை, 1990களின் இனமோதல்களுக்குப் பின் குறைந்தது. 2023 மே மாதத்தில் மணிப்பூர்க் கலவரம் மோரேயை எட்டியபோது எரிந்த வீடுகளுள் தமிழர் வீடுகளும் இருந்தன.

பர்மாவிலிருந்து தமிழகத்துக்குத் 'திரும்பினர்', தமிழகத்திலிருந்து பர்மாவுக்குத் 'திரும்ப' முயன்றனர், எல்லையில் 'திருப்பப்பட்டனர்'. மூன்று இடத்திலும் ஒரே வினையடி. முதலாவது அரசு கொடுத்த சொல். இரண்டாவது அவர்களுடையது. மூன்றாவதைப் பதிவேட்டில் எழுதியவர் யாராக இருந்தாலும், செயப்பாட்டு வினையில் எழுதி, செய்தவர் பெயரை விட்டிருப்பார். தமு, மோரேயிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அமைதியாக இருந்த நாள்களில் எல்லை வாயில் காலையில் திறந்தது. மாலையில் மூடுமுன் திரும்பிவிட வேண்டும் என்ற விதியோடு, மோரேத் தமிழர் அங்கே சந்தைக்குப் போய்வந்தனர்.